நண்டோட ரெண்டாம் பாகம்

எங்க நைனா ஒண்ணு சொல்வாருண்ணே, கடலுக்குப் போனவன் வூட்டாண்ட போயி நாம... அப்புறம் இன்னாமோ வரும். மறந்துட்டேன். கனடாவுல அத்தினி வருஷம் இருந்துட்டு வந்தா பாதிப் பேச்சுதான் மிச்சம் கீது.

இல்லண்ணே, வண்டி எடுக்க வரல. படம் வுடற வரிக்கும் உங்க தியேட்டர் வண்டி ஸ்டாண்டுலயே நின்னுக்கறேன். உள்ள போக பயமா கீது. சிரிக்காதீங்க. அந்த நண்டு பொம்மைப் படத்த எடுத்தவன் நான்தான்.

உங்க பேத்தியும் பாத்துச்சா? மொத பாகம்னா அப்டித்தான். அப்பன் நண்டு புயல்ல காணாம போயிடும், கடைசில லாஞ்சுப் படகுல ஹாரன் அடிச்சிக்கினு கரைக்கு வரும். தியேட்டரே எழுந்து ஆடும்.

இந்த ரெண்டாம் பாகத்துல கதைய மாத்திட்டேண்ணே. போன வாரம் கோயமுத்தூர்ல போட்டுக் காட்டினோம். பசங்கல்லாம் ஒரே அழுகை. ஒரு அம்மா என் சட்டையப் புடிச்சிக்கினு, நல்லா இருந்தத ஏன்யா கெடுத்தேன்னாங்க.

அவங்க திட்டட்டும். நான் நடுங்கறது ஒரே ஒரு ஆளுக்கு. எந்தங்கச்சி பிலோமி உள்ள கீறா. அவ வூட்டுக்காரரு கஸ்பாரு, மொத பாகம் வந்த சமயம் லாஞ்சுல மீன் புடிக்கப் போனவரு. பாடி கெடைக்கல. எங்க கோயில்ல கல்லறைத் திருநாளுக்கு, செத்தவங்க பேரப் படிச்சு பூசை வெப்பாங்க. வருஷா வருஷம் அவர் பேரக் குடுன்னா குடுக்க மாட்டா. போன்ல அந்த ஹாரன் அடிக்கற எடத்தப் போட்டுக் காட்டி, உன் நண்டு திரும்பி வந்துச்சே, அவரு வர மாட்டாரான்னு என்னையே கேக்கறா.

உஷ். உள்ள பசங்க சத்தம் நின்னு போச்சு பாருங்க. கோயமுத்தூர்லயும் படத்துல இந்த எடத்துலதான் நின்னுச்சு.

கூடப் போன நெல்சன் பொழச்சு வந்தான். அலையில பிரிஞ்சிட்டோம்னு ஊருக்கெல்லாம் சொன்னவன், என்கிட்ட மட்டும், என் கைலேர்ந்துதாண்ணே வழுக்கி உள்ள போனாருன்னு சொன்னான். நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்கன்னு கால்ல வுழுந்தான். எத்தினி தபா கல்மண்டபத்துல அவ வூட்டுக்குப் போனேன் தெரியுமா? போவேன், அவ போட்ட டீயக் குடிப்பேன், வந்துடுவேன்.

நண்டு திரும்பி வர்ற முடிவும் வரஞ்சு ரெடியாத்தான் இருந்துச்சுண்ணே. கம்பெனி அதத்தான் கேட்டுது. நான் நண்டு வராத முடிவத்தான் அனுப்பினேன், அனுப்பிட்டு அவளுக்கு மொத ஷோவுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தேன்.