ஐந்நூறு வெள்ளிப் பூசணிக்காய்

ஞாயிறு மதியம், கெலுகோர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், சர்ச் முடிந்து வரும் இரண்டு பெண்கள்.

"நான் சர்ச்சுக்குக் காணிக்கையா குடுத்த பூசணிக்காய் ஐந்நூறு வெள்ளிக்குப் போச்சுக்கா."

"அறுப்புப் பண்டிகை ஏலத்துலயா? நான் அடுப்படியில இருந்துட்டேன். யாரு எடுத்தா?"

"எங்க முதலாளிதான். போதகர் மைக்குல அவரு பேர மூணு தடவ சொன்னாரு. சர்ச்சே கைதட்டுச்சு."

"தாராள மனசுலா!"

"ரொம்ப! வெள்ளிக்கிழமதான் சம்பளத்துல அம்பது வெள்ளி கூட்டுங்கன்னு கேட்டேன். 'கடையில வியாபாரமே இல்ல, ஜெபம் பண்ணும்மா'ன்னாரு."

"பண்ணியா?"

"முட்டி போட்டுப் பண்ணேன். பதிலு பூசணிக்காய்க்கு வந்துருச்சு."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க. அடுத்த வருசம் காய வீட்டுலயே வச்சுட்டு, நானே போயி ஏல மேசையில ஏறி உக்காந்துக்கிறேன். நாலு பேரு பாத்தாதான் அவருக்குக் காசு குடுக்கக் கை நீளுது."