டிசால்வ் போட்டால்

மாப்பிள்ளை வேலைக்காகத்தான் துபாய் போனான் என்று பெண் வீட்டார் அப்போது நம்பியிருந்தார்கள். அங்கே வேறு மனைவி இருந்தது பிறகுதான் தெரிந்ததாம். மும்பை சயானில் லோக்கல் ரயில் ஏறிய தாயும் மகளும் பேசியதிலிருந்து இதை அறிந்தேன். மகள் கல்யாண வீடியோ எடிட்டர். மடியிலிருந்த லேப்டாப்பில் ஓடியது அவளுடைய கல்யாணமே.

“ஏட்டி, அந்தப் பய மூஞ்சிய வெட்டி எறி.”

“வெட்டுனா தாலி தானா பறந்து வந்து என் கழுத்துல விழும். சாமி படம்னு ரிலீஸ் பண்ணலாம்.”

“அப்ப மெதுவா மறையுமே, டிசால்வ், அதப் போடு.”

“அதுல ரெண்டு காட்சியும் கொஞ்ச நேரம் கலந்து தெரியும்மா. சேந்து இருந்தப்பகூட அவன் என்கூட அவ்வளவு ஒட்டல.”

தாய் சிரித்துவிட்டாள். பிறகு குரல் தணிந்தது.

“அவன் பக்கத்துலதான ஒங்கப்பா நிக்காவ. அவுக செத்த பெறவு, நடமாடுறதப் பாக்க இது ஒண்ணுதானட்டி இருக்கு.”

மகள் எதையும் வெட்டவில்லை. திரையில் அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மாப்பிள்ளையும் இருந்தான்.