நான்காவது சிலிண்டர்

இரவு பதினொன்றரை மணி. பெசன்ட் அவென்யூ சாலை. ஒரு பக்கம் முழுக்க நீண்ட மதில், அதன்மேல் கவிந்த மரங்கள். மறுபக்கம் விளக்கணைந்த வீடுகள். மழை விட்டிருந்தது. மரங்கள் விடவில்லை... சொட்டிக்கொண்டே இருந்தன. சாலையில் ஒரே ஒரு கார். காருக்குள் ஒரே ஒரு ஆள்.

"ஒரே ஒரு ஆள்தான்" என்று ஸ்நேஹா இரண்டாவது தடவையும் சொன்னாள்.

தி. நகரில் எங்கள் ஜெர்மன் மாலை வகுப்பு முடிந்து, கரண்ட் போய், வெளியே முழங்கால் தண்ணீர். மாடிப்படியில் ஐந்தாறு பேர் ஒருவரோடொருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். வெளிச்சத்துக்கு ஒரு கைபேசி. நடந்தது ஸ்நேஹாவின் அக்கா கணவருக்கு. அவள் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். நான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அதில் எதையாவது கெடுத்துவிட்டேனோ என்ற சந்தேகம் எழுதும்போதே இருக்கிறது.

அவர் பெயர் சந்திரமௌலி. வீடு அடையாறு காந்தி நகரில். மனைவி ஸ்ரீலக்ஷ்மிக்கு அப்போது நிறைமாதம். குழந்தையின் கழுத்தைக் கொடி சுற்றியிருக்கிறது, வலி எடுத்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் இருக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருத்துவமனை ஆழ்வார்பேட்டையில். மாதமோ கார்த்திகை. மழை பெய்தால் எந்த வாடகைக் காரும் வராது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் ரத்து செய்வார்கள். அதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கினார். மூன்று சிலிண்டர் எஞ்சின் வைத்த சின்ன வண்டி. வலி வரும் இரவில் அது ஓட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிற மனிதர். குழந்தையை வீட்டுக்கு அழைத்து வர வேண்டுமே என்று பின்சீட்டில் குழந்தை இருக்கை ஒன்றை வாங்கிப் பொருத்தினார். வீடியோ பார்த்து, வாரை இழுத்து, முழங்காலால் அழுத்தி, அசையாதபடி. மயிலாப்பூரிலிருந்து வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"பொறக்கறதுக்கு முன்னாடி கொழந்தைக்குன்னு எதுவும் வாங்கப்படாது. வெறும் தொட்டிலை வெச்சுண்டு காத்துண்டிருந்தா... வேற ஏதாவது வந்து படுத்துக்கும்."

இது தொட்டில் இல்லை, பாதுகாப்பு இருக்கை என்று மாப்பிள்ளை விளக்கினார். கழற்றவில்லை.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினார். ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் எஞ்சின் வடிவத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மற்ற எல்லா விளக்கும் அணைந்த பிறகும் அது மட்டும் அணையவில்லை.

சர்வீஸ் சென்டரில் கேட்டார். விட்டுவிட்டுப் போங்கள், மழைக்காலம், வரிசை அதிகம், நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். நாலைந்து நாள் வண்டி இல்லாமல் இருக்க முடியாது. வலி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தானே சரிசெய்வது என்று முடிவெடுத்தார்.

கையடக்கமான ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். விளக்கு ஏன் எரிகிறது என்று அது கைபேசியில் சொல்லும். முதல் சிலிண்டர், பொறி தவறுகிறது என்றது. அவருக்கு ஒரே சந்தோஷம். காரணம் தெரிந்துவிட்டதே. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பிழையை அழித்தார். விளக்கு அணைந்தது. அடையாறு சிக்னல் வரை போய்த் திரும்பினார். வீட்டு வாசலில் விளக்கு மறுபடி எரிந்தது.

இப்போது இரண்டாவது சிலிண்டர்.

சரி என்று அங்கேயும் பிளக்கை மாற்றினார். பிளக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் காயிலையும் இடம் மாற்றினார். கெட்டது காயில்தான் என்றால் அது போகும் இடத்துக்குப் பிழையும் கூடவே போகும். இரண்டாவதில் இருந்ததை முதலாவதில் மாட்டினார். அப்படியானால் பிழை முதலாவதுக்கு வர வேண்டும், அல்லது இரண்டாவதிலேயே நிற்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. மூன்றாவது சிலிண்டர் என்றது.

மூன்று நாளாக இதே வேலை. ஸ்பேனர் கைநழுவி எஞ்சினுக்குள் விழும். குனிந்து எடுத்தால் முழங்கை சுடும். பிளாஸ்டிக் கவ்வி ஒன்று உடைந்தது. அதைக் கட்டப் போட்ட கம்பி விரலைக் கிழித்தது. ஒவ்வொரு முறை பிழையை அழிக்கும்போதும் கைபேசியில் ஒரு விளம்பரம் ஓடும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்ரீலக்ஷ்மி பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ரிப்பேர் செய்கிறாயா, இல்லை அதோடு குடித்தனம் நடத்துகிறாயா என்று கேட்பாள். அவர் அடுத்த பிளக்கைக் கழற்றுவார்.

காயில், பிளக், வயர், ஏர் ஃபில்டர், பேட்டரி முனை. வண்டியில் புதிதாகத் தொட்டது ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தார். ஒன்றைத் தவிர.

மறுபடி அழித்தார். மறுபடி எரிந்தது. கைபேசியைப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

நான்காவது சிலிண்டர்.

படிக்கட்டில் கூட உட்கார்ந்திருந்த கிரீஷ் குறுக்கிட்டான். "மச்சி, மூணு சிலிண்டர் வண்டின்னு சொன்ன?"

"ஆமா" என்றாள் ஸ்நேஹா. "மூணுதான்."

சந்திரமௌலி ஜி.பி. ரோடு போனார். உதிரிபாகக் கடை பீர் முஹம்மதுவிடம் கைபேசியைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டுக் கடைப் பையன்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னா நைனா, மூணு சிலிண்டர் வண்டிக்கு நாலாவது காயில் வாங்கினு போய் எங்க மாட்டுவ? உன் தலைலயா?"

ஸ்கேனர் டூப்ளிகேட்டாக இருக்கும் என்று கடையிலிருந்த பெரிய கருவியைக் கொண்டுவந்து வண்டியில் மாட்டினார்கள். அதுவும் நான்கு என்றது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பீர் முஹம்மது இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கறுப்பு டேப் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்து, விளக்கு மேல ஒட்டிக்கினு போய்க்கினே இரு சார் என்று அனுப்பிவிட்டார்.

டேப் ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஸ்ரீலக்ஷ்மிதான் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினாள். இப்போது எரியவில்லை, வந்து சாப்பிடு என்றாள். அவர் சாப்பிட்டார். தூக்கம் வரவில்லை. ஆளில்லாத சாலையில் ஓட்டினால் எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று தோன்றியது. அவள் தூங்கிய பிறகு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அதுதான் அந்தப் பதினொன்றரை மணி.

மதில் பாதி தாண்டும்போது பொட்டின் ஓரமாக ஆரஞ்சு வெளிச்சம் கசிந்தது. வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று எஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்தார்.

மெக்கானிக்குகளிடம் ஒரு வழி உண்டு. நீளமான திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பார்கள். உள்ளே என்ன சத்தமென்றாலும் இரும்பு வழியாகக் காதுக்கு வந்துவிடும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போல. அவரும் அப்படி வைத்தார்.

தட தட தட... தட தட தட...

மூன்றும் ஒழுங்காக இருந்தன. அதற்கு அடியில் இன்னொன்று. மெல்லிசாக, வேகமாக. இந்த மூன்றோடும் சேராமல், தன்பாட்டுக்கு.

முனையை நகர்த்தினார். எஞ்சின் தலையில் அது குறைவு. பின்னால், ஆட்கள் உட்காரும் பகுதியைப் பிரிக்கும் தடுப்புத் தகட்டில் கொஞ்சம் அதிகம். சத்தம் எஞ்சினிலிருந்து வரவில்லை. உள்ளே ஏறி, டிரைவர் காலடித் தரையில் வைத்தார். இன்னும் அதிகம். பின்கதவைத் திறந்து பின்சீட்டின் இரும்புச் சட்டத்தில் வைத்தார்.

காதுக்குள்ளேயே அடித்தது.

முன்பக்கம் போய் எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார். மூன்று சத்தமும் நின்றன. மரம் சொட்டுவது மட்டும் கேட்டது. திரும்ப வந்து திருப்புளியை வைத்தார்.

நான்காவது நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். ஸ்கேன் அறையில் டாக்டர் கருவியின் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்க வைத்தாரே... குதிரை ஓடுவது போல, அதே வேகம். அப்புறம்தான் வாசனை வந்தது. சுட்ட வசம்பு. பிறந்த குழந்தைக்கு உரசிப் போடுவார்களே, அது. அவர்கள் வீட்டில் அப்போது ஒரு துண்டு வசம்பு கிடையாது.

குழந்தை இருக்கையின் மெத்தையில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நடுவில் சிறியதாக ஒரு பள்ளம்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. ஸ்ரீலக்ஷ்மி.

"மௌலி, எங்க இருக்க? பனிக்குடம் உடைஞ்சுடுத்து."

இதற்குத்தானே அந்த வண்டி. ஆனால் அதில் அவளை ஏற்ற அவருக்கு மனமில்லை. வாடகைக் காருக்கு அழைத்தார். வருகிறேன் என்றது, ரத்தானது. இன்னொன்று. அதுவும் ரத்து. மறுபடி தூறல் ஆரம்பித்தது. சரி, இருக்கையையாவது கழற்றி மதிலோரம் வீசிவிடலாம் என்று கொக்கியை அழுத்தினார். விடவில்லை. முழங்காலை வைத்து இழுத்தார். திருப்புளியால் நெம்பினார். அவரே அத்தனை கவனமாக மாட்டியது, நகம் பிய்ந்ததே தவிர அசையவில்லை. அழுகை வந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது. ஒரு நிமிடம்கூட என்று சொல்லியிருந்தார்கள். கதவை அறைந்து சாத்திவிட்டு வீட்டுக்கு ஓட்டினார்.

முன்சீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. பின்னால், அந்த இருக்கைக்குப் பக்கத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டாள். அவள் ஏறிக் கதவைச் சாத்தியதும் விளக்கு அணைந்தது. அவர் பொட்டைப் பிய்த்துப் பார்த்தார். நிஜமாகவே அணைந்திருந்தது.

அடையாறு பாலம். வண்டி அதற்கு முன் அப்படி ஓடியதே இல்லையாம், வழுக்கிக்கொண்டு போயிற்று. பாலம் இறங்கியதும் மெட்ரோ தடுப்பு. சுற்றிப் போகச் சொல்லி அம்புக்குறி. சுற்றினார். அங்கே இன்னொரு தடுப்பு. நேற்று இல்லாதது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பின்னுக்கு எடுத்தார். கிரீன்வேஸ் சாலையில் யாருமில்லை. பின்னால் அவள் முனகல் திடீரென்று நின்றது.

பதறிக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள். குரல் தூக்கத்தில் பேசுவது போல இருந்தது. "கொழந்தை என் விரலைப் பிடிச்சுண்டிருக்கு. விடமாட்டேங்கறது."

கண்ணாடியில் பார்த்தார். அவள் கை அந்த இருக்கைக்குள் நீண்டிருந்தது. மற்ற விரல்கள் தளர்ந்து கிடந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்து... மெல்ல மேலும் கீழும் ஆடியது.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கஷ்டம் என்றார் டாக்டர். பெண் குழந்தை. நன்றாக அழுதது. தாயும் நலம். காரில் என்ன சொன்னோம் என்று ஸ்ரீலக்ஷ்மிக்கு நினைவே இல்லை.

ஸ்நேஹா நிறுத்தினாள். யாரோ மூச்சு விட்டார்கள். நான்தானோ என்னவோ.

"அவ்ளோதானா?" என்றான் கிரீஷ். "நல்ல பேய்யா மச்சி. டெலிவரிக்கு லிஃப்ட் குடுத்துருக்கு."

சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில் அவர் அந்தக் கொக்கியைத் தொட்டார். ஒரு விரலுக்கே கழன்று வந்தது. மெத்தை சில்லென்று இருந்தது, பள்ளம் இல்லை. திருப்புளியை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கேனரைச் செருகினார். பிழை எதுவும் இல்லை என்றது. அந்த விளக்கு அதற்குப் பிறகு எரியவே இல்லை. தொல்லை விட்டது, எங்கேயோ போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். எங்கே போயிருக்கும் என்று நினைக்கவில்லை.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் புண்யாஹவாசனம் மாமியாரின் மயிலாப்பூர் வீட்டில் நடந்தது. வந்தவர்கள் போய், எல்லோரும் அசந்து தூங்கிய மத்தியானம். குழந்தையைக் குப்புறப் போட்டிருந்தார்கள். அவருக்கு ஆசையாக இருந்தது. குனிந்து அதன் முதுகில் காதை வைத்தார்.

கேட்டது. குதிரை ஓடுவது போல. ஸ்கேன் அறையில் கேட்ட அதே வேகம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அதற்கு அடியில் இன்னொன்று. மெல்லிசாக. இதோடு சேராமல், தன்பாட்டுக்கு.

தன்னுடைய நாடியாக இருக்கும் என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அது மெதுவாக, தனியாக அடித்தது. விசிறிச் சத்தமோ என்று எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். திரும்ப வந்து காதை வைத்தார். இரண்டு. சரியாக எண்ண வேண்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.

மற்றது... அவரைப் போலவே அடக்கிக்கொண்டது.