குறைந்தது மூன்று பெயர்கள்

— இல்லம்மா, கம்ப்யூட்டர்ல செவப்பாத்தான் வருது. நீ சொன்ன மாதிரிதான் அடிச்சேன்.

— அந்த ப்ரோக்ராம் வரி முடியற எடத்துல ரெண்டு புள்ளி வெச்சீங்களா சார்?

— ரெண்டு புள்ளியா...

— ஒண்ணு மேல ஒண்ணு. போன தடவ போன் பண்ணப்பவும் இதேதான் கேட்டீங்க.

— ரிட்டயர் ஆயிட்ட ஆளும்மா. மறந்துடுது.

— முந்தாநேத்து செஞ்ச லேப் பயிற்சியில எல்லா எடத்துலயும் கரெக்டா வெச்சிருக்கீங்க. இங்க என் ஸ்கிரீன்ல தெரியுது.

— அது... ஏதோ குருட்டாம்போக்குல வெச்சிருப்பேன்.

— சரி, இப்ப வெச்சிட்டு ரன் அமுக்குங்க.

— அமுக்கிட்டேன். இப்ப வேற செவப்பு.

— படிங்க சார்.

— "குறைந்தது மூன்று பெயர்கள் தேவை."

— அதான் விஷயம். வீட்ல இருக்கறவங்க பேர ஒவ்வொண்ணா குடுக்கணும். ப்ரோக்ராம் ஒவ்வொருத்தரையா பேர் சொல்லி "சாப்பிட வா"ன்னு கூப்டும். நீங்க ஒரு பேருதான் குடுத்திருக்கீங்க. நாகேந்திரன்னு, உங்க பேரு மட்டும்.

— வீட்ல நான் ஒருத்தன்தான. லைன்ல இருக்கியாம்மா?

— இருக்கேன் சார். சும்மா ஏதாவது ரெண்டு பேரு போட்டுக்குங்க. இதான் கடைசி லேப். பச்சையாயிடுச்சின்னா கோர்ஸ் முடிஞ்சிது, சர்டிபிகேட் வந்துடும்.

— இல்லாதவங்கள எப்டிம்மா சாப்பிட கூப்டறது?

— லேப்புக்குத்தானே சார்.

— உனக்கு லேப்பு. இங்க நெஜமாவே ஒருத்தன் தனியா பொங்கித் தின்னுகினு இருக்கான். அந்த மூணுன்றத ஒண்ணுன்னு மாத்த முடியாதா?

— முடியாது சார். இது நாங்க செஞ்சது இல்ல. லேப் எல்லாம் கம்பெனி ரெடிமேடா வாங்கினது. எல்லா ஊருக்கும் இதேதான். நான் தமிழ்ல மாத்தி வெச்சதோட சரி.

— ரெடிமேட் சட்டையில கை நீளமா இருந்தா மடிச்சி உட்டுக்கலாம். இதுல அதுக்கும் வழியில்ல. எவனோ எங்கியோ குந்திகினு, வீடுன்னா மூணு பேருன்னு முடிவு பண்ணிட்டான்.

— சார்... சிரிப்பு வருது.

— சிரி, சிரி. கேட்டு எவ்ளோ நாளாச்சி.

— எத கேட்டு?

— ...சிரிப்புச் சத்தத்த. பொதுவா சொன்னேன்.

— உங்க வீட்டம்மா பேரு போடலாமே சார்.

— அவ போயி ஒரு வருசம் ஆவுது.

— தெரி... மன்னிச்சிடுங்க சார்.

— அவ இருந்தா இந்த ப்ரோக்ராமே வேணாம். தட்டுல சோத்த போட்டுட்டு "சாப்பிட வா, சாப்பிட வா"ன்னு கூப்டுவா பாரு, தெரு முனை வரைக்கும் கேக்கும். நீ இதுல எழுதி வெச்சிருக்கியே, அச்சா அதே மாதிரி.

— இங்கிலீஷ்ல "உணவு தயார்"னு இருந்திச்சி சார். அப்டி யாரு வீட்ல கூப்டறாங்க?

— நம்ம வீட்ல... எங்க வீட்ல அப்டி பேச மாட்டோம்.

— சார், சத்தம் ஜாஸ்தியா இருக்குது. கூட்ஸ் வண்டி போவட்டும், அப்பறம் பேசலாம்.

— கூட்ஸுன்னு உனக்கு எப்டி தெரியும்?

— ...நீளமா போவுதே சார். நீங்க ஜோலார்பேட்டன்னு சொன்னீங்க இல்ல, அத வெச்சி சொன்னேன்.

— போயிடுச்சி. சொல்லு.

— பசங்க யாரும் இல்லியா சார்?

— ஒரு பொண்ணு. ஆம்பூர்ல இருக்குது. ஷூ கம்பெனி பையன், அதுவா பாத்துக் கட்டிக்கிச்சி.

— அப்ப அவங்க பேரு போடுங்க.

— வீட்ல இருக்கறவங்க பேருன்னு போட்டிருக்குதேம்மா.

— வீட்டுக்கு வராதேன்னு சொன்னது யாரு?

— ...இன்னாம்மா?

— இல்ல சார். அவங்களே வராம இருக்காங்களா, இல்ல யாராவது சொன்னாங்களான்னு கேட்டேன்.

— நான்தான் சொன்னேன். வேற யாரு சொல்லப் போறாங்க.

— இப்பவும் அப்டித்தான் நெனைக்கறீங்களா?

— நெனச்சா இன்னாத்துக்கு...

— இன்னாத்துக்கு?

— ஒண்ணுமில்ல. உடு.

— ஒரு போன் போடறதுதானே சார்.

— போட்டு இன்னா பேசறது? நம்பர எடுக்கறேன், வெக்கறேன். எடுத்ததும் மொத வார்த்த இன்னான்னு தெரியல. இதுலன்னா செவப்பு வருது, பச்ச வருது. கேக்கறதுக்கு ஒரு விஷயம் இருக்குது. ஏம்மா, மூக்க உறிஞ்சற சத்தம் கேக்குது, சளி புடிச்சிருக்குதா?

— இல்ல சார். ஒண்ணு சொல்லணும். நாளைலேர்ந்து இந்த லைன் இருக்காது.

— எந்த லைனு?

— இதான். டவுட் கேக்கற லைன். இனிமே ஸ்கிரீன்லியே க்ளூ வந்துடுமாம், ஆளு தேவையில்லன்னுட்டாங்க. தமிழ்ல கேக்கறதும் நீங்க ஒருத்தர்தான்.

— உன் வேல?

— வேற டீமுக்கு மாத்திட்டாங்க. வேலைக்கு ஒண்ணும் பயமில்ல.

— அப்ப சரி... நாளைக்கு எனக்கு டவுட்டு வந்தா?

— உங்களுக்கு ஒரு டவுட்டும் இல்ல சார்.

— யாரு சொன்னது?

— ஸ்கிரீன் சொல்லுது. காலைலியே புள்ளி வெச்சிருக்கீங்க. போன் போடறதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்க. எல்லா லேப்லயும் இதே வேலதான். எடுத்தது, வெச்சது அத்தனையும் இங்க பதிவாவுது. நானும் ஒண்ணும் கேக்கல. நீங்க கூப்ட்டா போதும்னு இருந்தேன். பேரப் போடுங்க சார்.

— நாம பேசறதும் ரெக்கார்ட் ஆவுதா?

— ஆவுது.

— ஆவட்டும். இரு, கண்ணாடிய எடுத்துக்கறேன்... இந்த மொத பேர அழிக்கறேன்.

— ஏன்?

— நாகேந்திரன் பக்கத்து வீட்டுக்காரன். நீ இந்த லைன்ல வேல செய்யறன்னு தெரிஞ்சி, அவன் பேர்ல சேந்தேன். என் பேரப் பாத்தா போன எடுக்க மாட்டியோன்னு... காசிநாதன். போட்டாச்சி. கமா. அடுத்தது தீபலட்சுமி. இந்த "ட்சு" அடிக்கறது பெரிய பேஜாரு.

— மெதுவா போடுங்க.

— போட்டேன். அமுக்கறேன். இன்னும் செவப்புதான்.

— ரெண்டு பேருக்கு அப்டித்தான் வரும். போதும், உடுங்க.

— நீ இரு. நான் இன்னும் முடிக்கல. கமா... அந்த மூணு புள்ளி எழுத்து எங்க இருக்குது?

— எந்த எழுத்து?

— "ஃப"ன்னு போடறதுக்கு.

— ...மேல் வரிசைல, எடது பக்கம் மொத எழுத்து.

— ஆங். ரஃபி... அகமது. தப்பில்லாம அடிச்சிட்டேன் பாரு. அமுக்கறேன்... பச்சையாயிடுச்சிம்மா.

— இன்னா வந்திருக்குது? படிங்க.

— காசிநாதன், சாப்பிட வா. தீபலட்சுமி, சாப்பிட வா. ரஃபி அகமது... சாப்பிட வா.

— ...

— லைன்ல இருக்கியாம்மா? கேட்டுச்சா, இல்லியா?

— கேட்டுச்சிப்பா. சாயந்திர வண்டிக்கு வர்றோம். நீ மூணு பேருக்கு ஒல வெய்யி.