புரொபசர் சர்வநாசத்தின் ரசிகை

“என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்க சார்” என்று கேட்டேன். இவ்வளவுதான் ஆரம்பம், இன்ஸ்பெக்டர் சார். எங்கள் ஸ்கூலில் இதை மட்டும் வாய் திறந்து கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். டீச்சர்கள் பாதி வருஷத்தில் ஓடிவிடக் கூடாதாம். அதற்காகப் பதினோரு பேருடைய ஒரிஜினலும் தாளாளர் தெட்சிணாமூர்த்தி சார் பீரோவில் பூட்டிக் கிடக்கும். என் அம்மா விழிதியூரில் நடவு நட்டுப் படிக்க வைத்த பட்டம், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதை நான் கண்ணால் பார்த்து மூன்று வருஷம்.

அரசுப் பள்ளியில் காரைக்காலுக்கு ஒரே ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் இடம் வந்திருந்தது. பட்டியலில் அஸ்ஃபியா முதல். காத்திருப்போர் பட்டியலில் நான் முதல். திங்கட்கிழமை பாண்டியில் சரிபார்ப்பு. ஒரிஜினல் காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அஸ்ஃபியா என்னோடு அதே ஸ்கூலில் அதே பாடம் நடத்துபவள். என் தோழி. வீட்டில் பாடப் புத்தகம் தவிர எதுவும் பார்த்திராத எனக்குக் காமிக்ஸ் படிக்கப் பழக்கினவள் அவள்தான். ‘புரொபசர் சர்வநாசம்’ என்று ஒரு தொடர். அதில் வில்லன்தான் கதாநாயகன். பாலத்துக்கு வெடி வைப்பதற்கு முன் ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று போர்டு வைப்பான். பறந்து வரும் சூப்பர் ஹீரோ எப்போதும் முதலில் பேங்க்கைத்தான் காப்பாற்றுவான். ஊரை மூழ்கடிப்பதற்கு முந்தின வாரம் புரொபசர் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போவான். அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அஸ்ஃபியா அவன் குரலிலேயே படிப்பாள்.

“அம்மணி, தங்களுக்கு நீச்சல் தெரியுமா? தெரியாதா? ரொம்ப சந்தோஷம்.”

எனக்குச் சோறு புரையேறும்.

“ஏண்டி, எப்பப் பாத்தாலும் அந்தப் படுபாவி பக்கமே நிக்கிற?”

“அவன் ஒருத்தன்தாண்டி செய்யப்போறதைச் சொல்லிட்டுச் செய்றான்” என்பேன்.

எல்லோரும் சேர்ந்து கேட்பதாகத்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் நான் கேட்டேன். சார் சிரித்தார். பீரோ சாவியை என் முன்னால் தூக்கிப் போட்டார்.

“நீயே போய் எடுத்துக்கம்மா. நான் என்ன தின்னுடவா போறேன்? வேற யாருக்கு வேணும், கையைத் தூக்குங்க.”

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அஸ்ஃபியா மட்டும், “எனக்கு அவசரமில்லைங்க சார்” என்றாள். அவள் வாப்பா வந்து தனியாகப் பேசினால் சார் மரியாதையாகக் கொடுத்துவிடுவார். எனக்காக என் அம்மா வந்தால் வாசலில் நிற்க வைப்பார்.

பதினோரு ஃபைலையும் ரெக்கார்ட் நோட்டுகளுக்கு அடியில் வைத்து லேபுக்கு எடுத்துப்போனேன். என்னுடையதைப் பையில் வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டேன்; பிள்ளைகளுக்குச் சொல்வதை நாமே மீறக் கூடாது. கந்தக அமிலத்தில் காகிதம் கறுத்துக் கூழாக அதிக நேரம் ஆகவில்லை. முதலில் அஸ்ஃபியாவுடையது. அகர வரிசையில் அவள் முதலில் வந்தாள். அதைக் கெட்டுப்போகக் கூடாதென்று அவள் வாப்பா ஆசையாக லேமினேஷன் செய்து வைத்திருந்தார். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, பிளாஸ்டிக்கை உரித்து, கிழிந்து வந்ததைத் துண்டு துண்டாகப் போடவேண்டியிருந்தது. அதற்கு மட்டும் கால் மணி நேரம்.

நான் அவர்களுக்குக் கெடுதல் செய்ததாக நினைக்கவில்லை சார். பிடித்து வைக்க ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவர்களை இனி யார் பிடித்து வைக்க முடியும்? கேட்கத் துணிச்சல் இல்லாத பத்துப் பேருக்கு நான் விடுதலை கொடுத்தேன்.

பீரோவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வராந்தாவில் அஸ்ஃபியா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோவமாடி சிவப்ரியா? நாளைக்கு வாப்பா வந்து சார்கிட்ட பேசுவாங்க. நான் வாங்கிப்பேன்.”

“பேசட்டும்டி” என்றேன்.

அவள்மேல் எனக்குப் பொறாமை கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடம் என் நினைப்பிலேயே இல்லை. பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்களே, அந்தக் கோபம் ஒன்றுதான். ராஜினாமாக் கடிதம் பையில் தயாராக இருந்தது. ‘அரசுப் பணி கிடைத்திருப்பதால்’ என்று காரணம் போட்டு வியாழக்கிழமையே எழுதி வைத்தது. அதை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி நடந்தேன்.