அந்தக் கட்டவெரலு வேண்டாமுங்ப்பா

அட, அந்தக் கட்டவெரல மொதல்ல மடக்குங்ப்பா. கஞ்சி ஊத்தட்டுமான்னு கேட்டாலுங் கட்டவெரலு, ஊசி வலிக்குதான்னு கேட்டாலுங் கட்டவெரலு. ஆப்பரேசன் முடிஞ்சு அஞ்சு நாளா நீங்க இப்படியே காட்டிக் காட்டி, எதுத்த பெட்டுக்காரரு உங்களை ஓட்டுக் கேக்க வந்தவருன்னு நெனச்சுக்கிட்டாரு. இந்தாங்க, போனைப் புடிங்க. கழுத்து டியூப்பு ஆடாம மெதுவா டைப் அடிங்க. நீங்க அடிச்சா அதுக்குள்ள இருக்கற பொண்ணு படிச்சுச் சொல்லும். வாயி போனா என்னங், ஆப்பு இருக்குதல்லோ.

அய்யோ, அது வெளம்பரமுங்க, அதைத் தொடாதீங்க. தொட்டுப்போட்டீங்களா? செரி வுடுங்க, ரம்மி வெளையாடக் கூப்புடறான். மேல ஓரத்துல எறும்பு சைசுல ஒரு இன்டு மார்க்கு இருக்கும் பாருங்க, அத அமுக்குங்க. அதுவும் வெளம்பரமா? கொண்டாங்க இங்க. காந்திபுரத்துல கடையில ஒக்காந்து தெனம் நாப்பது போனுக்குக் கிளாஸ் ஒட்டறேன், எனக்கே அந்த இன்டு மார்க்கு சிக்க மாட்டேங்குது. இப்ப என்னமோ அப்டேட்டுங்கறான். நோயாளி படுத்திருக்கறாரு, அப்பறம் வாடான்னா கேக்கறானா?

என்னங் அப்படிப் பாக்கறீங்க? மூணு வருசம் இஞ்சினியரிங்கு படிச்சுப் பாதியில வுட்டவனுக்கு இதுகூடத் தெரியலியான்னா? வுட்டதுனாலதானுங்க இவ்வளவாவது தெரியுது.

காத்தால அடிச்சீங்களே ஒண்ணு, அதுதானுங்க டாப்பு. நீங்க ஊட்டுக்கு எப்பப் போலாமுன்னு அடிக்க, இது பெரிய புத்திசாலியாட்டம் ஊட்டிக்குன்னு மாத்திப்போட்டு, அந்தப் பொண்ணு நியூஸ் வாசிக்கறாப்பல, ஊட்டிக்கு எப்போது போகலாம்னு கேக்குது. மெர்சி சிஸ்டரு என்ன சொன்னாங்க? மொதல்ல பாத்ரூமு வரைக்கும் நடங்கண்ணா, அப்பறம் ஊட்டி போலாமுன்னாங்க. சிரிக்காதீங், சிரிக்காதீங், தையலு இழுக்கும். நம்ம பேச்சே இதுக்குத் தெரியறதில்லீங்ப்பா. சொல்லுங், வாங்ன்னு அடிச்சா அடியில செவப்புக் கோடு போடுது. மரியாதையாப் பேசுனா தப்புங்கற மிஷின இப்பத்தா பாக்கறேன்.

பெருந்துறையில மறுபடியும் கம்பெனி கேட்டுல நின்னீங்கன்னா நெலம என்னன்னு நெனச்சுப் பாருங்க. லாரி ரிவர்ஸ்ல வருது, நீங்க வரட்டும் வரட்டும் ஓல்டான்னு எழுத்துத் தேடி அடிச்சு, இந்தப் பொண்ணு படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி காம்பவுண்டுச் செவுத்துல பூந்து...

இல்லீங். தெரியாமச் சொல்லிப்போட்டேன். வாச்மேன் வேலைக்குக் கொரலுதா மூலதனம்னு எனக்குத் தெரியாதா? கழுத்துல வெச்சுப் பேசற மிஷினு ஒண்ணு இருக்குதாமா. அத வாங்கிரலாமுங்க.

நேத்து என்ற போனே எனக்கொரு கடுதாசி அனுப்பிச்சுது. இந்த வாரம் உங்க ஸ்கிரீன் டைம் ஒரு நாளைக்கு ஒம்பது மணி பதினாலு நிமிசம்னு. உங்க சிப்ட்டே எட்டு மணி நேரந்தா, நா அதுல ஓவர்டைமே பாத்திருக்கறேன். நீங்க வாட்சப்புல அனுப்பிட்டிருந்த வாய்ஸ் மெசேஜு எவ்வளவு இருக்கும்? ஒரு நிமிசம், மிஞ்சிப்போனா ஒண்ணரை.

இன்னைக்குக் காத்தால அந்தச் சின்ன டாக்டரு கேட்டாரல்லோ. அஞ்சு மாசமாக் கொரலு கம்மியிருக்குது, யாருகிட்டயும் சொல்லலியாங்கன்னு. ஆரம்பத்துலயே வந்திருந்தா அறுக்காமக் கரண்டு வெச்சே, ரேடியேசனாமா, பாத்திருக்கலாம், கொரலே தப்பிச்சிருக்குமுன்னு. நீங்க ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி அடிச்சீங்க. நாந்தான் யாருகிட்டயும் சொல்லலீங்கன்னு. அந்தப் பொண்ணு வார்டுக்கே கேக்கறாப்பல படிச்சுது. டாக்டரு என்ற தோளத் தட்டி, பாவம், நீ என்னப்பா பண்ணுவன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

ஏனுங்ப்பா அப்படி அடிச்சீங்க?

தண்ணியெல்லாம் வேண்டாமுங்க, எனக்கொண்ணுமில்ல. இருங்க, இப்பவே சொல்லிப்போடறேன். இல்லீன்னா நாளைக்கு இதையும் ஒரு ஜோக்காக்கிப்போடுவேன்.

உங்க வாய்ஸெல்லாம் நா ரெண்டு மடங்கு வேகத்துல வெச்சுத்தா கேப்பேன். அதுக்கொரு பட்டன் இருக்குது. அதுல வெச்சா நீங்க கனைக்கறது, நடுவுல நின்னு மூச்சு வாங்கறது, ஒண்ணுந் தெரியாது. கிரிக்கெட்டு கமெண்டரிக்காரராட்டம் சுறுசுறுப்பா இருப்பீங்க. கடைப் பசங்களுக்குப் போட்டுக்காட்டிச் சிரிச்சிருக்கறேன். அதையுங் கடைசி வரைக்குங் கேக்கறதில்ல. கண்ணு, சாப்டியான்னு ஆரம்பிச்சீங்கன்னா, செரி எப்பவும் போலத்தானேன்னு பதிலுக்கு ஒரு கட்டவெரலு பொம்மையத் தட்டி வுட்டுட்டு, பாத்துட்டிருந்த வீடியோவுக்கே திரும்பிருவேன்.

முந்தாநாளு நீங்க தூங்குனப்ப வராண்டாவுல ஒக்காந்து எல்லாத்தையும் ஒண்ணொண்ணாக் கேட்டேனுங்க. ஒரு மடங்குல. மாசி மாசம், மாரியம்மன் நோம்பியன்னைக்கு ஒண்ணு அனுப்பியிருக்கறீங்க. சாப்டியா, நோம்பிக்கு லீவு வுட்டாங்களான்னு கேட்டுப்போட்டு ஒரு இருமலு. அப்பறம் நெம்ப நேரம் சத்தமே இல்ல. முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அதுக்கப்பறஞ் சொல்றீங்க. தொண்ட கம்மிக் கம்மி வருது சாமி, கத்துனா லாரிக்காரனுக்குக் கேக்கறதில்ல, ஒரு நா லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியான்னு.

அதுக்குக் கீழயும் என்ற கட்டவெரலு நிக்குதுங்ப்பா.

அத செரின்னு நம்பிப்போட்டுப் புள்ள வருவான்னு அஞ்சு மாசம் இருந்திருக்கறீங்க. உங்ககூட வேல பாக்கற செங்கோட அண்ணன் கம்பெனி வேன்ல ஏத்திக் கொண்டாந்து சேத்தலீன்னா இன்னும் இருந்திருப்பீங்க. மறுக்கா ஒரு வாட்டி கேட்டிருக்கலாமல்லோ? ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாமல்லோ? அத்தனையும் உள்ளயே வெச்சுட்டு, டாக்டருகிட்ட நாந்தான் சொல்லலீங்கன்னு அடிக்கறீங்க.

நீங்க சொன்னீங்கப்பா. நாந்தா கேக்கல.

என்னங், அடிக்கப் போறீங்களா? அடிங்க, நல்லா அடிங்க. நா எங்கயும் போகல. திட்டுனாலும் இந்தப் பொண்ணு மரியாதையாத்தா படிக்கும். ஊடு ஊட்டியாப் போச்சுன்னாலும் அழிச்சுப்போட்டு மறுக்கா அடிங்க, எவ்வளவு நேரமானாலுஞ் செரி. கடைசி எழுத்து வரைக்கும் ஒக்காந்து கேக்கறேன்.

அந்தக் கட்டவெரல மட்டும் தூக்கிக் காட்டிப்போடாதீங்ப்பா.