பிள்ளையாருக்கு ஒரு தகரம்

மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்காகத் திருகோணமலை இறங்குதுறையில் வரிசையாக நின்றோம். ஆமிக்காரர்கள் ஒவ்வொரு பையாகக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"பிள்ளையாரோட நான் கதைக்கிறேல்லை" என்றாள் இளையவள். அவள் காலடியில் கயிற்றால் சேர்த்துக் கட்டிய இரண்டு கூரைத் தகரங்கள்.

முக்காடு போட்டிருந்த மூத்தவள் திரும்பினாள். "இதென்ன கதை புள்ள?"

"ஷெல் விழுந்து என்ர மனுசனும் போய், வீடும் போச்சுது. பிறகு லிங்கநகரில தங்கச்சி வீட்டிலதான் இருந்தனான். கோயில் பக்கமே போகேல்லை. போன கிழமைதான் எங்கட ஊர் கட்டைபறிச்சானுக்குத் திரும்பிப் போனனான்."

"பொறகு?"

"கோயிலுக்கும் கூரை இல்லை. பிள்ளையார் தனிய மழைக்குள்ள இருக்கிறார், என்னைப்போல."

"அப்ப இந்தத் தகரம்?"

"ஒண்டு எனக்கு. மற்றது அவருக்கு."

வரிசை நகர்ந்தது. மூத்தவள் குனிந்து தகரத்தின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"அப்ப கோவம் தீந்திட்டு."

"ஆர் சொன்னது? அவரிட்டக் கேக்க நிறையக் கிடக்கு, அக்கா. ஆனா நனைஞ்சுகொண்டிருக்கிறவரோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது?"